சாரமில்ல

இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக் கேட்கும் விதமே தனி. கையைக் கட்டிக்கொண்டு, சாமி முன்னால் நிற்பதுபோல் கேட்கிறார்கள். பேச்சு முடிந்ததும் தூறல் மாதிரி நாலு கைதட்டு. அவ்வளவுதான். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஆனால் ஒரு பேச்சை எடை போடச் சொல்லுங்கள், கோவில்பட்டிப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். ஊருக்கு அவர் ‘மைக்’காரர். கல்யாண வாழ்த்து, இரங்கல் கூட்டம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான். நான் கடைசி வரிசையில் உட்காருவேன். கடலை விற்பவன் கூவுவதை நிறுத்திவிட்டு நின்றால் பேச்சு ஏறிவிட்டது. பெண்கள் கொட்டாவி விட்டால் இறங்கிவிட்டது. உடனே முந்தானையை எடுத்துத் தலையில் போடுவேன். அவர் மேடையிலிருந்தே பார்த்துவிட்டு ஒரு சிரிப்புக் கதைக்குத் தாவுவார். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று எனக்குச் சிவப்புச் சேலையாகவே எடுத்துத் தருவார். என் நிறத்துக்குச் சிவப்பு எடுக்காது என்று நாத்தனார் சொன்னது தனிக்கதை, அதை விடுங்கள்.

மகனுக்கு மலையாளத்துப் பக்கம், கழக்கூட்டம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. கரமனையில் வீடு பிடித்து எங்களையும் அழைத்து வந்தான். வந்த மாதமே ஓணம். தெரு அசோசியேஷன் விழாவில் செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, “நம்முடெ புதிய அண்ணாச்சி ரெண்டு வாக்கு பறயும்” என்றார்.

இவர் என் பக்கம் சாய்ந்தார். “ஏட்டி, ஓட்டா கேக்காரு?”

“உங்களப் பேசச் சொல்லுதாரு. போங்க.”

மாப்பிள்ளை மாதிரி எழுந்து போனார். தமிழில்தான் பேசினார், நிறுத்தி நிதானமாக. “மகாபலிக்கு வருசத்துக்கு ஒருதடவையாவது சொந்த ஊருக்கு வர வாய்க்குது. எங்கள மாதிரி ஆளுக்கு அதுவும் இல்ல” என்றார். எங்கள் ஊராக இருந்தால் விசில் பறந்திருக்கும். இங்கே ஒரு சத்தம் இல்லை. கொட்டாவியும் இல்லை, சிரிப்பும் இல்லை. கடலைக்காரனும் இல்லை. இது ஏறுகிறதா இறங்குகிறதா? முந்தானை நுனியைப் பிடித்தபடி விழித்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, “தப்பா ஏதும் பேசியிருந்தா மன்னிக்கணும்” என்று சட்டென்று முடித்துவிட்டு இறங்கினார்.

செக்ரட்டரி அவர் தோளைத் தட்டினார். “சாரமில்ல அண்ணாச்சி, சாரமில்ல.”

அவர் முகம் செத்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில், “நல்லாத்தான் பேசுனீங்க. பாயச வாசம் வந்தும் ஒருத்தர் எந்திரிக்கலியே” என்றேன்.

“மரியாத தெரிஞ்சவங்க, எந்திரிக்க மாட்டாங்க. அந்த மனுசன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரே, பேச்சுல சாரமில்லன்னு. சக்கைன்னுட்டாரு.”

மகனிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அடுத்த ஓணத்துக்கு அதே செக்ரட்டரி வீடு தேடி வந்து கூப்பிட்டார். இவர் தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினார். அதன் பிறகு வீட்டில்கூடப் பேச்சுக் குறைந்துபோயிற்று. அந்த ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். சாம்பலைக் கரமனை ஆற்றில்தான் கரைத்தோம்.

சில மாதம் கழித்துக் கிழக்கேகோட்டைக்கு பஸ்ஸில் போனேன். பிரேக் போட்டதில் பக்கத்துப் பெண்ணின் காலை நன்றாக மிதித்துவிட்டேன். “மன்னிச்சிரும்மா” என்றேன்.

“சாரமில்ல அம்மச்சி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதுலம்மா சாரமில்ல?”

அவள் சிரித்தாள். “அய்யோ, தமிழ்ல பரவாயில்லன்னு சொல்லுவீங்களே, அதாக்கும்.”

நான் உட்கார்ந்து அழுதேன். கால் வலித்தது அவளுக்கு. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரமில்ல, சாரமில்ல” என்று அவள்தான் தேற்றினாள்.

அதே பஸ்ஸில் திரும்பி நேராக ஆற்றுக்குப் போனேன். அவரிடம் சொல்ல வேண்டுமே. படியில் இறங்கி, “ஏங்க, சாரமில்ல” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருக்குத் தமிழ்க் காதுதானே? இன்னொரு தடவை சுருங்கிப் போவார்.

அதனால் கை தட்டினேன். எங்கள் ஊர்க் கைதட்டு, ஓங்கி.

அங்கே துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் பலிச்சோற்றுக்குக் காக்கையைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல.

“அம்மச்சி, கை நனைச்சு கொட்டணம். அப்போழே காக்க வரூ.”

குனிந்து இரண்டு கையையும் ஆற்றில் நனைத்துக்கொண்டு, மறுபடியும் தட்டினேன்.