ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் என் அப்பா இருந்த முதியோர் இல்லத்தில் இருபது பேருக்கு ஒரே ஒரு பணிப்பெண். குட்டையான உருவம், எந்நேரமும் ஈரக் கை. ஞாயிறுதோறும் நிர்வாகத்தின் உத்தரவுப்படி, ஒரே பட்டு அங்கவஸ்திரத்தை ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிப் போர்த்திப் படமெடுத்து, பிள்ளைகளுக்கு அனுப்புவார். எல்லாப் படத்திலும் அப்பா சிரித்தார். நானும் பெங்களூரில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒருநாள் சொல்லாமல் போனேன். அப்பா நனைந்த படுக்கையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "போட்டோவுல மட்டும் எப்படிச் சிரிக்கிறாரு?"

அவர் விரிப்பை மாற்றிக்கொண்டே சொன்னார்: "சும்மா சிரிக்கச் சொன்னா சிரிக்க மாட்டாரு சார். 'உம் புள்ள வந்துக்கினு இருக்குதுப்பா'ன்னு சொல்லுவேன். ஒடனே சிரிச்சிடுவாரு."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார். புகாரில் யார் பெயரை எழுதுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.