டோன்காவின் சாயங்காலம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, சுவரிலிருக்கும் ஓவியத்தின் நெட்டை மரங்களை அளக்கிறாள் டோன்கா. ரூசே நகரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். நிறுத்தத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தவும் இப்படித்தான் கண்ணை மூடுவாளாம். எதையும் இடித்ததில்லை என்கிறாள். ஒரு பூக்கடை சேர்த்தியில்லை.

ஓய்வு பெற்றதும் இயற்கைக் காட்சி வரையக் கற்றுக்கொள்ளத் தோன்றியது. பழைய பெரிய ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தால் கை தானே படியும் என்றார்கள். திங்கட்கிழமை விடுமுறையில் அருங்காட்சியகம் அவளை உள்ளே விடுகிறது. நிபந்தனை இரண்டு: நகல் அசலைவிட ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும், அதில் அவள் பெயர் இருக்கக் கூடாது. அந்தச் சாணை அவள் கீழ்ப்பக்கம், கரையிலேயே கழித்துவிட்டாள். அசலில் கரையில் நிற்கும் மாடு, அவளுடையதில் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறது.

“நாள் பூரா வெயில்ல மேஞ்ச மாடு, நனைஞ்சா என்னடா?” என்று காவலாளி ஸ்டாமெனிடம் சொல்லிவிட்டு, சூரியகாந்தி விதைத் தோலைக் கைக்குட்டையில் துப்புவாள்.

மாடு பரவாயில்லை. அந்த மஞ்சள் அந்தி வெளிச்சம்தான் இரண்டு குளிர்காலம் அவளைப் படுத்தியது. கடைசியில் வந்துவிட்டது. அடுத்த மாதம் வாசகசாலைக் கண்காட்சியில் மாட்டப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நகலென்றால் பின்புறம் அருங்காட்சியக முத்திரை வேண்டும். சொந்தப் படத்துக்கு வேண்டாம். ஆனால் சொந்தமாக வரையும் அளவுக்குத் தனக்கு இன்னும் திமிர் வரவில்லை என்பாள்.

அதற்குள் அசலைச் சுத்தம் செய்யக் கொண்டுபோனார்கள். நூறு வருட வார்னிஷ் நீங்கித் திரும்பி வந்தபோது வானம் நீலமாக இருந்தது. புல்லில் பனி. விடிகாலை.

ஸ்டாமென் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “டோன்காக்கா, அந்த மாடு இப்பத்தான் மேயக் கிளம்புது. உன்னோடது வீட்டுக்குத் திரும்பிட்டிருக்கு.”

“அப்ப அந்த மஞ்சளு?”

“அழுக்குக்கா.”

“ஒன்பது ட்யூப் அழுக்கு வாங்கியிருக்கேன்டா.”

முத்திரையோடு வந்த அருங்காட்சியக இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இதை எப்படிம்மா நகல்னு சொல்றது?”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நகல் இல்லையா?”

“இல்லவே இல்லம்மா.”

டோன்கா வாயிலிருந்த தோலைத் துப்பினாள். வண்ணத் தட்டில் மிச்சமிருந்த மஞ்சளில் தூரிகையைத் தோய்த்து, ஒரு கண்ணை மூடி, மாட்டுக்குக் கீழே தண்ணீரில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள், பஸ் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதும் அளவுக்கு.