விலை கொடுத்து வாங்கிய துல்லியம்

உயர்துல்லியப் பாட்டுக் கோப்புகளைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்வது லாபமா நஷ்டமா என்று யாராவது கேட்டால் இப்போதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நான் வாங்கியது பாட்டுக்காக அல்ல. என் காதுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கிறேன். ஆராதனை தொடங்கும் முன் நான் ஒரு சுரம் கொடுப்பேன், எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். மலையாளப் பாட்டானாலும் தமிழ்ப் பாட்டானாலும் இதுதான் வழக்கம், கீபோர்டு வந்த பிறகும் மாறவில்லை. ஒரு ஒத்திகையில் குழுவில் பாடும் டீச்சர் ஒருவர் தயங்கியபடி, "அண்ணே, மேல் கம்பி சுருதி கொஞ்சம் எறங்கி இருக்கில்லா?" என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

பழியைப் போனின் தலையில் கட்டினேன். மட்டமான எம்பி3 கேட்டுக் கேட்டுக் காது மழுங்கியிருக்கும், நல்ல ஒலியைக் கொடுத்தால் தெளிந்துவிடும். போனில் ஏற்கெனவே இருந்த ஒரு பாட்டையே உயர்துல்லியத்திலும் வாங்கி, இரண்டையும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. ப்ளூடூத் வழியாகப் போனால் அந்தத் துல்லியம் குறைந்துவிடும் என்று பிறகு படித்தபோது எவ்வளவு நிம்மதி! நெய்யாற்றின்கரைக்குப் போய் நல்ல ஸ்பீக்கரும் ஒயரும் வாங்கி வந்தேன்.

ஒயரிலும் வித்தியாசம் தெரியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஓசியில கேக்குற பாட்டுக்கா காசு குடுத்தீங்க?" என்று கேலி செய்தாள். எது எந்தக் கோப்பு என்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்குது. வெறும் நஷ்டமாக்கும்."

போன உயிர் திரும்பி வந்தது. நஷ்டம் என்ற வார்த்தையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

"ஆனா அந்தக் குட்டி மணிச் சத்தம் நல்லா உண்டு. ரெண்டுலயும்."

"எந்த மணி?"

"களியாக்காதீங்க" என்று, நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து, பாட்டை மறுபடியும் போடச் சொன்னாள். மணி வரும் இடத்தில் மேசையில் விரலால் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. எனக்கு வயலின் கேட்டது, குரல்கள் கேட்டன, அவள் விரல் மேசையில் படுவதும் கேட்டது. மணி கேட்கவில்லை.

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எப்ப முதல்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எழுந்து ஸ்பீக்கரை அணைத்தேன். அதே கேள்வியை அவள் திரும்பவும் கேட்டாள், இந்த முறை கொஞ்சம் உரக்க.