சின்னராசா அண்ணையின் பதில் வரி

எனக்குத் தாளம் வராது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. அப்படியிருந்தும் பாரிஸில் பல வருடங்கள் டோலக் அடித்துத் திரிந்தேனே, அதுதான் வெட்கம்.

போன கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு கடையில் வரிசையில் நின்றேன். யாருடையதோ கைபேசியில் மண்டலின் கேட்டது. என் கை என்னைக் கேளாமலே பக்கத்து அரிசி மூட்டையில் தட்டத் தொடங்கிவிட்டது. கெஸ்ஸில் காசு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து, "சா வா, மிசியோ?" என்று சுகம் கேட்டாள். வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். நான் அடித்த தாளம் அப்படி.

சின்னராசா அண்ணை பக்கத்தில் நின்றிருந்தால், "பிள்ளை பயந்திட்டுது, கையை எடடா" என்றிருப்பார்.

நீங்கள் அவர் பாடிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒலிவாங்கியைத் தொடாத பாட்டுக்காரர். "வயருக்குள்ளாலை போனால் பாட்டு ஆறிப்போகும்" என்பார். கிழமை நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே லா கூர்னெவ், பொபினிப் பக்கத்து மண்டபங்களில், கலியாணமோ பிறந்தநாளோ, ஆட்கள் சாப்பிடும் மேசைகளுக்கு நடுவே மண்டலினோடு நடந்து நடந்து பாடுவார். பின்னால் டோலக்கைக் கட்டிக்கொண்டு நான். அவருடைய விரல்களில் எலுமிச்சைச் சவர்க்காரம் மணக்கும். இன்றைக்கும் வீட்டில் பாத்திரம் கழுவும்போது அந்த மணம் வந்தால் எனக்கு மண்டலின்தான் கேட்கிறது. மனைவி, வேலையைத் தட்டிக்கழிக்க நான் கண்டுபிடித்த வியாதி என்கிறாள்.

கடைசிப் பாட்டு எப்போதும் அம்பா. கரைவலை இழுப்பவர்கள் பாடுவது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் சொல்லிக் கயிற்றை இழுப்பார்கள். பதில் வராமல் வலை நகராது. ஊரில் அவருக்குப் பதில் சொன்னது தம்பி யோகன். இங்கே நான். ஒருமுறை நான் வாயைத் திறந்ததும் தள்ளுவண்டிலில் கிடந்த குழந்தை வீரிட்டது. "உண்மையைச் சொல்லுது" என்றார் அண்ணை.

யோகன் அப்போது வன்னியில். மண்டபத்துக்குப் போகுமுன் லா ஷப்பலில் தொலைபேசிக் கடையொன்றில் ஒரு கூட்டுக்குள் நாங்கள் இருவரும் நெருக்கியடித்து நிற்போம். அங்கே ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் யோகன் காத்திருப்பான். அண்ணை நலம் விசாரித்துவிட்டு அம்பாவின் முதல் வரியைத் தொலைபேசிக்குள் பாடுவார். வரி எங்கெங்கோ சுற்றிப் போய்ச் சேர வேண்டும். ஒரு சத்தமும் இராது. "கட்டாயிட்டுது அண்ணை, வையுங்கோ" என்பேன். அவர் ஒரு விரலை உயர்த்துவார். அப்போது, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "ஏலேலோ". இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கத்துக் கூட்டிலிருந்து யாராவது பலகையில் குத்துவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் நடந்த கடைசிப் போரோடு அந்தப் பதில் நின்றது. நாங்கள் தெருவில் நின்றோம், கத்தினோம், உங்களுக்குத் தெரியும். கலியாணங்களைத் தள்ளிவைத்தார்கள். பாட்டுக் கேட்க யாருக்கும் மனமில்லை. அண்ணை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூட்டுக்குள் போய் நின்று இலக்கங்களை அழுத்துவார். யோகனை முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு யோகன் என்றார் இன்னொருவர். அதற்குமேல் செய்தி இல்லை.

அடுத்த வருடம் பொபினியில், பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் ஒரு சாமத்தியவீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போகும் வழியில் ரயிலில் அண்ணை சொன்னார்: "இனி அம்பாவுக்கு நீ பதில் சொல்லாதை. இடம் விட்டு அடி." என் சுதிக்குக் கடைசியில் தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மண்டபத்தில் அம்பாவின் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினார். மண்டலினும் நின்றது. விரல் உயர்ந்தது.

"அண்ணைக்கு வரி மறந்துபோச்சு" என்று ஒரு பொடியன் சிரித்தான். அடுத்த வரி. திரும்பவும் நிறுத்தம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கரண்டிச் சத்தம் ஓய்ந்தது. பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த ஒரு அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். செய்தி இல்லாத ஒருவர் அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் இருந்தார். மேடையில் சேலையும் நகையுமாக இருந்த பிள்ளை, பெரியவர்கள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதது. கண் மை கன்னத்தில் இறங்கியது.

பிள்ளையின் தகப்பன் மெதுவாக வந்து அண்ணையின் தோளில் கை வைத்தார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

"அண்ணை, பிள்ளையின்ரை நல்ல நாள்... குறை நினையாதையுங்கோ."

"ஓம், ஓம்" என்று அண்ணை மண்டலினைப் பைக்குள் வைத்தார்.

கோபத்தில் இல்லை, மரியாதையோடுதான் கதை பரவியது: நல்ல காரியத்துக்குச் சின்னராசாவைக் கூப்பிட்டால் சனம் அழும். கூப்பிடுவது குறைந்தது. பிறகு இல்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"வேறை எத்தினை பாட்டு இருக்கு. அம்பாவை விடுவம் அண்ணை."

"விட்டால், அவன் வந்து எதிலை சேருறது?"



அந்தத் தொலைபேசிக் கடையில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். கூடு இருந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி. மண்டபங்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சு அதிர வைக்கிறார்கள். நானும் ஆடுகிறேன், தாளம் தப்பியேதான். பந்தியில் நடந்து பாடுகிற ஆள் இல்லை. பாடினால் கையை நிறுத்திவிட்டுக் கேட்ட சனமும் இல்லை.

அரிசி மூட்டைக் கதையைச் சொல்வதற்கென்றே நேற்று அண்ணை இருக்கும் ஓல்னேக்குப் போனேன். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். விரல்கள் கொஞ்சம் மடங்கிப்போயிருக்கின்றன. மண்டலின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. தூசி இல்லை, தந்திகள் புதிது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் கேட்டுவிட்டேன்:

"ஒருக்கால் அம்பா பாடுங்கோவன் அண்ணை. இந்தமுறை நான் பதில் சொல்லுறன். இவ்வளவு வருசமாச்சு..."

அவர் ஒரு விரலை உயர்த்தினார்.

"லைன் இன்னும் கட்டாகேல்லையடா."