மூச்சு விட்ட பிணம்

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏற்காடு மலையில் வாழவந்திப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, என்னைப் பெண் பார்க்க அதே மலையில் இருக்கும் மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வேலை மருந்துக்கடையில் என்றாலும் உயிர் சினிமாவில். புதுப்படம் பார்க்க சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு இறங்கி, படம் பார்த்து, அதே இருபதையும் ஏறி வீடு வந்து சேருகிறவளுக்கு, படம் நன்றாக இல்லையென்றால் வாயாரத் திட்டும் உரிமை கூடவா கிடையாது? அன்றைக்கே போன் ஸ்டேட்டஸில் என் தீர்ப்பைப் போட்டுவிடுவேன். ஒரு படத்தில் கதாநாயகன் ஓடும் லாரியிலிருந்து இன்னொரு லாரிக்குத் தாவுகிறார், கூலிங் கிளாஸ் மூக்கிலிருந்து இம்மி நழுவவில்லை. ‘படத்தில் கண்ணாடிதான் பிரமாதமாக நடித்திருக்கிறது’ என்று எழுதினேன். மலை பங்களாவில் நடக்கும் பேய்ப்படம் ஒன்றில், பனிமூட்டம் என்று புகையைப் போட்டிருந்தார்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவளிடமா இந்த வேலை? ‘பேய்க்கு யாரோ சாம்பிராணி போடுகிறார்கள்’ என்று எழுதினேன்.

அம்மாவுக்கு இதுதான் கவலை. ஏற்கெனவே ஒரு வரன் வந்து, அந்த மாப்பிள்ளைக்கு உயிரான படத்தை நான் பிரித்து மேய்ந்ததில் தட்டிப்போயிருந்தது. “இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு இரு சாமி. சினிமாப் பேச்சே வரக்கூடாது” என்று பூ வைத்துவிடும்போதே சொல்லி, ஞாபகத்துக்கு ஒரு கிள்ளும் கிள்ளிவைத்தாள்.

நானும் அப்படி இருப்பதாகத்தான் இருந்தேன். மாப்பிள்ளை சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர். பார்த்ததும் பிடித்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பலகாரத் தட்டை வாங்கும்போது, “நீங்க சாப்புட்டீங்களா?” என்று கேட்டார். என்னைப் பார்க்க வந்தவர்களில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இந்த வரனாவது அமையட்டும் சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர். முறுக்கிவிட்ட பெரிய மீசை. வம்பை ஆரம்பித்தவர் அவர்தான்.

“ஏங்கண்ணு, நீ சினிமாவெல்லாம் நொம்பப் பாப்பியாமா? நம்ம மஞ்சக்குட்டைப் பக்கம் எடுத்தாங்களே ஒரு கொலைப்படம், அதப் பாத்தியா?”

அம்மா கண்ணாலேயே எரித்தாள். ஆனால் பெரியவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையா? “பாத்தனுங்க” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “எப்புடி இருந்துச்சு?” என்று அவர் ஆசையாகக் கேட்டார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? என் வாயும் அந்த ரகம்.

காப்பித் தோட்டத்தில் கதாநாயகி தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டே வருகிறாள் என்றேன். காப்பிப் பழத்தை யாராவது முதுகுக் கூடையில் போடுவார்களா? இடுப்பில் பை கட்டிக்கொண்டுதானே பறிப்போம்? இரண்டு வீட்டாரும் எஸ்டேட் வேலையில் ஊறியவர்கள். கூரை அதிரச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அதுகூடப் பரவால்லைங்க. அவ அப்பன் செத்து, காப்பி காயப்போடற களத்துல பொணத்தக் கெடத்தியிருக்காங்க. அவ நெஞ்சுல உழுந்து அழுவுறா. பொணம் மூச்சு உடுதுங்க! வயிறு ஏறி ஏறி எறங்குது!” என்று எழுந்து நின்று, என் வயிற்றை உப்பிச் சுருக்கி நடித்து வேறு காட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தங்கைதான் சன்னமாகச் சொன்னாள்: “அது எங்கப்பாதானுங்க.”

ஷூட்டிங் நடந்தபோது, ரைட்டரைப் பார்த்த படக்காரர்கள், பிணத்துக்கு இவர்தான் பொருத்தம் என்று நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த மீசையை அதற்காக மழித்துவிட்டுப் படுத்திருக்கிறார் மனுஷன். மீசை இல்லாமல், மூக்கில் பஞ்சும் முகத்தில் பவுடருமாகக் கிடந்தவரை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஆனாலும் என் மேல் தப்புதான். எங்கள் மலையில் கல்லை விட்டெறிந்தால், ஏதாவது ஒரு படத்தில் கூட்டத்தோடு நின்றவர் மேல்தான் விழும். அது தெரிந்தும் வாயை விட்டேன்.

“அது மூச்சு இல்ல கண்ணு, காத்து. வேட்டி காத்துல ஆடுச்சு” என்றார் ரைட்டர். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எங்கள் வீட்டார் மொத்தமாகக் காற்றின் கட்சிக்குத் தாவினார்கள். “மலக்காத்து நொம்ப மோசமுங்க” என்றார் வரனைக் கொண்டுவந்த என் தாய்மாமா. “எங்கூட்டுக் கூரையவே தூக்கீருமுங்க” என்றார் அப்பா. அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு இலைகூட ஆடவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ரைட்டர் அத்தோடு விடவில்லை. “படத்தப் போடுங்க, பாத்துருவோம்” என்றார். மகளின் போனில் இருந்த படத்தை எங்கள் டிவியில் வரவழைத்தார்கள். அந்தக் காட்சி ஓடியது. மறுபடி ஓடியது. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

“இப்பச் சொல்லு கண்ணு. மூச்சா, காத்தா?”

காற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் பாழாய்ப்போன கண் டிவியை விட்டு வரவில்லை. பிணத்தின் கழுத்து மாலையில் ஒரு இதழ்கூட அசையவில்லை. கதாநாயகியின் தலைமுடி அசையவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது. எந்த ஊர்க் காற்று வயிற்றை மட்டும் தேடி வந்து அடிக்கும்? அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “மூச்சுதானுங்க மாமா. காத்து இல்லைங்க.” மாமா என்று கூப்பிட்டுவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். “ஆனா உங்க கண்ணு மேல பாருங்க. முசுறு!”

டிவி பக்கத்தில் போய் விரலை வைத்துக் காட்டினேன். ஒரு சிவப்பு எறும்பு கன்னத்தில் ஏறி, மூடிய இமை மேல் போய் நின்றிருந்தது. மரத்திலும் காப்பிச் செடியிலும் கூடு கட்டும் முசுறைப் பற்றி எஸ்டேட்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு கடி கடித்தால், பழம் பறிக்கிறவர்கள் பையைப் போட்டுவிட்டுக் குதிப்பார்கள். இங்கே இமையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

“வயிறு மூச்சு உட்டுருச்சுங்க. ஆனா மொகம் செத்துத்தான் கெடக்குது. இந்தப் படம் மொத்தத்துலயும் நடிச்சது இந்த மொகம் ஒண்ணுதானுங்க” என்றேன். அவர் மனசைக் குளிர வைப்பதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என் தீர்ப்பு. சேலத்துத் தியேட்டரில் வயிற்றைப் பார்த்துச் சிரித்ததில் முகத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

வீடே டிவி முன்னால் குவிந்துவிட்டது. அப்பா தன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, “அய்யோ, ஆமாங்க” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். ரைட்டர் எழுந்து வந்து தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடிச்சுது கண்ணு. ரெண்டு நாளைக்குக் கண்ணு வீங்கிக் கெடந்துச்சு. பவுடர் ஒத்துக்கலைன்னு சொல்லீட்டாங்க ஊட்ல. முசுறுன்னா ஒருத்தரும் நம்பல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மூச்சும் உட்டேன். அந்தப் புள்ள மொழங்கைய வயித்துல ஊனீட்டா, நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மட்டும் என் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்: “படம் வந்ததுல இருந்து அத்தன பேரும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டுப் போயிட்டாங்கம்மா. இந்தப் புள்ளதான் என்னயப் பாத்துருக்குது.” அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. உடனே, “காப்பி ஆறிப்போச்சு, வேற போடுங்க” என்றார். அப்போதுதான் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கைக்குட்டைக்குள் அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தாராம். பிணம் மூச்சு விடுவது முதல் நாளே தெரியுமாம், வீட்டில் சொல்லத்தான் தைரியம் வரவில்லையாம். இப்போது நாங்கள் குடும்பத்தோடு சேலத்துக்கு இறங்குகிறோம். படம் முடிந்ததும் ரைட்டர் மாமா என் முகத்தைத்தான் பார்ப்பார்.

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. இன்றைக்கும் எந்தப் படத்தையும் தாட்சண்யமில்லாமல்தான் திட்டுகிறேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால், யாரும் பார்க்காத ஒரு மூலையில், எறும்பு கடித்தும் அசையாமல் யாராவது படுத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுகிறேன்.