மருமகன் திருத்திய கார் செட்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்து மாமரம்கூட அவளுடையது. மருமகனுக்கு மரியாதை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். அவனைப் பற்றிய குறையை அவன் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லமாட்டார்கள். மாமி என்னோடு ஒருநாளும் நேரே கதைத்ததில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார்.

விடுமுறையில் வந்த நான் இனிமேல் கட்டார் நாட்டுக்கு வேலைக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்தத் திரைக்கு ஓய்வே இல்லை. "புள்ள, அடுத்த வீட்டு மருமகன் மேல்மாடி கட்டுறாராம்." "புள்ள, ஆம்புள சும்மா இரிந்தா வீட்டுல பறக்கத் நிக்குமா, செல்வம் தங்குமா?" நான் சும்மா இருக்கவில்லை. கார்களுக்கு மின்வேலை பார்க்கும் கடை ஒன்று போடலாம் என்று நினைத்திருந்தேன். கட்டாரில் ஒரு வாகனப் பட்டறையில் அதைத்தான் செய்தேன். என் மகள் என்னைப் போன் திரையில் பார்த்தே பல் முளைத்து, பல் விழுந்து, மறுபடி முளைத்தவள். இனி அவளை ஊரில் இருந்து பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

மாமா கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவர். சிரித்த முகத்தோடே ஆளை அறுப்பதில் கெட்டிக்காரர். எங்கள் கார் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. அதோடு கூடவே வந்த பாட்டுச் செட்டில் கொஞ்சக் காலமாக வெளிச்சம் வரும், சத்தம் வராது. ஒருநாள் மாமா தன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு முன்னால் சொன்னார்.

"இத ஆரிடமும் குடுக்காம நீங்களே திருத்திக் காட்டுங்க மருமகன். ரோட்டுப் பக்கத்து அறைய கடை போடத் தாறன். ஏலாட்டி திரும்பவும் கட்டார் விசாவுக்குச் சொல்லுவம். சரிதானே?"

கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் "ஓம் மாமா" என்றேன். அவர்கள் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

இந்த ஜப்பான் செட்டுகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பெற்றரிக் கம்பியைக் கழற்றினால் சில செட்டுகள் தம்மைத்தாமே பூட்டிக்கொண்டு, தெரியாத பாஷையில் இலக்கம் கேட்கும். அவசரக்காரர்கள் பலர் அப்படித்தான் ஊமைச் செட்டோடு ஊரில் ஓடித் திரிகிறார்கள். நான் அந்த இலக்கத்தை முதலே எடுத்து வைத்துவிட்டுத்தான் கம்பியில் கை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முற்றத்தில் பாயை விரித்து, டாஷ்போர்டைக் கழற்றி, செட்டை வெளியே இழுத்தேன். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல காரு. அறுத்துப் போட்ட மாடு மாதிரிக் கிடக்கு," என்றார். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவியின் சிரிப்பும் அதில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குனிந்து செட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றினேன். பெண் வீட்டில் மருமகன் கோபப்பட்டால் அடுத்த வாரமே ஊர்க்கதையாகிவிடும்.

மூடியைத் திறந்தபோதே செட்டுக்கு என்ன நோய் என்று தெரிந்தது. எங்கள் சாய்ந்தமருதுக் கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் சிப்பின் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்து, ஈயம் வெடித்திருந்தது. சுரண்டினேன், துடைத்தேன், ஒவ்வொரு காலுக்கும் புது ஈயம் வைத்தேன். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒரு மனிதனாக உட்கார்ந்திருந்தேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து நானும் வந்து சேர, மாமா அந்த இரண்டு கூட்டாளிகளையும் வேடிக்கை பார்க்கக் கையோடு கூட்டி வந்திருந்தார். செட்டைப் பொருத்திச் சாவியைத் திருப்பினேன். இலக்கம் கேட்டது, கொடுத்தேன். நீல வெளிச்சம் வந்தது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. மாமாவின் உதட்டில் சிரிப்பு தொடங்கியது.

அப்போதுதான் செட் பேசியது. அது வானொலி இல்லை. கொழும்பில் இருக்கும் என் மனைவியின் ராத்தா, அவளுடைய மூத்த சகோதரியின் குரல். நான் கட்டாரில் இருந்த காலத்தில் காரை ஓட்டியவள் மனைவிதான். அவளுடைய போனும் செட்டும் புளூடூத்தில் பழக்கம். அவள் குசினியில் சமைத்தபடி ராத்தாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, செட் உயிர் பெற்றதும் அந்த அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ராத்தாவுக்கு அது தெரியாது.

"நீதானே சொன்ன புள்ள, அவரு கட்டார்ல இரிக்கக்குள்ளதான் நல்ல மனிசன் எண்டு. கிட்ட இரிந்தா மூஞ்சப் பாக்கவே ஏலா எண்டு. வாப்பா பகிடிக்கு அறை தாறன் எண்டா, அவரு நெசமா கடை போட்டிரப் போறாரு. எப்பிடியாச்சும் அனுப்பிரு. ஹலோ? கேக்குதா? ஹலோ?"

நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. இரைச்சலே இல்லை, கரகரப்பே இல்லை. கூட்டாளிகள் இருவரும் மாமரத்தில் காய் எண்ணுபவர்கள்போல அண்ணாந்து நின்றார்கள். என் மனைவி போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்து கதவடியில் நின்றாள். நான் செட்டை நிறுத்தினேன்.

அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். பொய்யாவது சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"ஆரு இப்ப இதத் திருத்தச் சொன்ன?" என்றாள்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டாளிகளுக்கு முன்னால் கொடுத்த வாக்கு அவரை இறுக்கியிருக்க வேண்டும்.

"சத்தம் நல்லா வருகிது மருமகன். சொன்னா சொன்னதுதான். அறைய எடுத்துக்கோங்க."

வென்றது நான்தான். ஆனால் அந்த அறையில் கடை போட்டுக்கொண்டு, மூஞ்சைப் பார்க்க ஏலாதவனாக அவளுடைய வீட்டில் நடுத்துண்டு மீன் தின்ன என்னால் முடியாது.

"வேணா மாமா," என்றேன். "விசாவுக்குச் சொல்லுங்க."

சொல்லும்போது அவளைத்தான் பார்த்தேன். தடுத்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு மடையன் அப்போதும் எதிர்பார்த்தான். அவள் முகத்தில் பயம் விலகி, நிம்மதி வந்தது. குசினிக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்குப் பகல் சாப்பாட்டில் அவளே பக்கத்தில் இருந்து, சிரித்த முகத்தோடு, எனக்கு இரண்டாவது முறையும் சோறு போட்டாள்.