சத்தத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

போன மாதம் நைனாவின் ஜிபிஎஸ் கடலில் விழுந்தது. மீன் அடையும் கடலடிப் பாறைகளுக்கு எங்கள் ஊரில் பார் என்று பெயர். இருபது வருடமாக அவர் தேடிப் பிடித்த பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு நகல், என் கம்ப்யூட்டரில். அந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாக டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்துக் காற்றில் ஜன்னல் கம்பியே ஐந்து வருடம் தாங்காது. டிஸ்க் எட்டு வருடம் ஓடியதே ஓவர்.

மெயிலில் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நெட்டுல போட்டா ஊரே வந்து வல போடும். பென் டிரைவும் வேணாம், கை மாறும்."

புது டிஸ்க்குக்கு இரண்டாயிரம் கொடுத்தார். கம்ப்யூட்டர் வீட்டில்தான் இருந்தது. ஆனாலும் கடைக்காரன் எப்படியாவது நகல் எடுத்துக்கொள்வான் என்று மீஞ்சூருக்குக் கூடவே வந்தார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். பழைய ஹார்ட் டிஸ்க், ஐந்நூறு ஜிபி, எழுநூறு ரூபாய். புது எஸ்எஸ்டி, இருநூற்றைம்பது ஜிபி, ஆயிரத்து எண்ணூறு.

பழையதை ஓட்டச் சொன்னார் நைனா. ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்தார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் மீன் சத்தம் கேட்கிற ஆள். கடையில் கூட்டம் இருந்ததெல்லாம் அவருக்கு மேட்டரே இல்லை.

"நல்லா ஓடுது."

அடுத்து எஸ்எஸ்டி. ரொம்ப நேரம் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலயே."

"அதுல சுத்துற பார்ட்டே கெடையாதுண்ணா" என்றார் கடைக்காரர்.

"சுத்தாததுக்கு இன்னாத்துக்கு ஆயிரத்தி எண்ணூறு?"

"நைனா, சுத்துறதுதான் போவும். நம்மூட்டுல கீறதும் சுத்துறதுதான்" என்றேன்.

"அது சாவப்போறேன்னு சொல்லுதுல்ல? இது சொல்லாமப் பூடும்."

அவர் சொன்னது கரெக்ட். எஸ்எஸ்டி அப்படித்தான் போகும். அதனால் அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் எஸ்எஸ்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பாரையும் புதியதுக்கு மாற்றினேன். நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றும் விடுபடவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஓடியது.

"பழசயும் மாட்டும்மா."

"அதுல ஒண்ணுமே இல்ல நைனா, அழிச்சிட்டேன்."

"இருக்கட்டும். மாட்டு."

மாட்டினேன். இப்போது தினமும் கரைக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போடச் சொல்கிறார். குனிந்து காதை வைக்கிறார். டிக் டிக்.

"கீது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார். பாரெல்லாம் சத்தமில்லாததில் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

நேற்றிலிருந்து டிக் டிக் விட்டு விட்டுத்தான் வருகிறது. மீஞ்சூர் கடைக்கு போன் போட்டு அந்த எழுநூறு ரூபாய் டிஸ்க்கை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் எதையும் போடப்போவதில்லை.